ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று

ஜூன் 16, திங்கள்

அனுவுக்குப் போன வருஷத்து ஷூ காலைக் கடிக்கிறது. அழுதுகொண்டேதான் ஆட்டோவில் ஏறினாள். சாயங்காலம் கடைக்குப் போய்ப் புதுசு வாங்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். நான் ஆபீஸை விட்டு இறங்கும்போது இருட்டிவிட்டது. இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் பொய் சொன்னால் அது மறக்கவே மறக்காது. நாளைக்குக் கண்டிப்பாகப் போக வேண்டும்.

தாமதத்துக்குக் காரணம் புது ஆம்ப்ளிஃபையர். காதில் மாட்டிக்கொள்ளும் கேட்புக் கருவிக்கான சிப் ஒன்று. வெளியிலிருந்து வரும் சின்னச் சத்தத்தை முதலில் வாங்கிப் பெரிதாக்குகிற பகுதிக்கு லேஅவுட், அதாவது எது எங்கே உட்கார வேண்டும் என்கிற படம், வரைந்து கொடுப்பது எங்கள் வேலை. கிளையன்ட் ஒதுக்கிய இடத்துக்குள் அது அடங்கமாட்டேன் என்கிறது. மீட்டிங் முடிந்ததும் எங்கள் முதலாளி பவுல்பாண்டியன் சார் என் மேஜைக்கு வந்தார். "செல்வி, ஒட்டுததுல ஒன்ன மிஞ்ச ஆள் கிடையாது. எப்படியாவது உள்ள திணிச்சுரு மக்கா."

திணிப்பதற்கு அது என்ன ராஜபாளையம் பஸ்ஸா? ஆனாலும் ஒரு சந்தோஷம். ஒட்டுவது எனக்குப் பிடித்த வேலை. பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஜூன் 18, புதன்

ஷூ வாங்கியாயிற்று.

சாப்பிடும்போது ராஜா கேட்டார், அப்படி என்னத்தைத்தான் ஒட்டுகிறாய் என்று. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துக் கேட்கிறார். சொன்னேன். டிரான்சிஸ்டருக்கு இரண்டு பக்கமும் டிஃப்யூஷன் என்று ஒரு பட்டை இருக்கும். மின்னோட்டம் ஏறவும் இறங்கவும் அதுதான் இடம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு டிரான்சிஸ்டரின் ஓரங்கள் ஒரே இணைப்புக்குத்தான் போகின்றன என்றால், இரண்டு பட்டை வரைந்து நடுவில் சந்து விட வேண்டியதில்லை. ஒரே பட்டையை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். இடம் மிச்சம், வேகமும் கூடும்.

ராஜா மின்வாரியத்தில் வயர்மேன். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு வீட்டுக்கு ஒரே போஸ்ட்ல இருந்து சர்வீஸ் இழுக்கோம்லா. அதானட்டி?"

அதேதான். நான் படித்த காலேஜில் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தரவில்லை. அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் ஒரு வாரத்துக்குத் தாங்காது.

எட்டு வருஷமாக இந்த வேலை. அதில் மூன்று வருஷம் பெங்களூரில், ஹாஸ்டலில், பிள்ளையை இங்கே விட்டுவிட்டு. வெள்ளிக்கிழமை பஸ், ஞாயிற்றுக்கிழமை பஸ். ஒரு தடவை ஊருக்கு வந்தபோது அனு என்னைப் பார்த்துவிட்டு மதினியின், அதாவது ராஜாவுடைய அக்காவின், முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். பவுல்பாண்டியன் சார் சங்கரன்கோவிலில் ஆபீஸ் போடுகிறார் என்று கேள்விப்பட்ட அன்றே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த ஆபீஸ் இல்லையென்றால் எனக்குத் திரும்பவும் அந்த பஸ்தான். இந்த ஊரில் லேஅவுட் வரைய வேறு இடம் கிடையாது.

ஜூன் 23, திங்கள்

ஒட்டக்கூடியதை எல்லாம் ஒட்டியாயிற்று. இன்னும் இடிக்கிறது. மிச்சம் இருப்பது இன்புட் ஜோடி மட்டும்.

ஜூலை 2, புதன்

சண்டை. நானாகப் போகவில்லை, பவுல்பாண்டியன் சார்தான் வந்தார்.

இன்புட் ஜோடி என்பது எம்-ஒன், எம்-டூ என்று இரண்டு டிரான்சிஸ்டர்கள். சத்தம் வந்து முதலில் விழுவது இந்த இரண்டின் மேல்தான். இரண்டுக்கும் குணம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் பிசகினாலும் அந்தப் பிசகும் சேர்ந்துதான் பெரிதாகும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் உயரம் இடிக்கிறது. தனித்தனியாகப் பக்கத்தில் வைத்தால் அகலம் இடிக்கிறது. சார் சொல்கிற வழி சுலபமானது. எம்-டூவை அப்படியே கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போடு, நடுவில் ஒரே டிஃப்யூஷனாக எம்-ஒன்னோடு ஒட்டிவிடு, அடங்கிவிடும்.

அடங்கும். யார் இல்லை என்றது? ஆனால் ஒன்றில் மின்னோட்டம் இடமிருந்து வலமாகப் போகும், மற்றதில் வலமிருந்து இடமாகப் போகும். சிப் செய்கிற இடத்தில் அயனிகளைக் கொஞ்சம் சாய்வாகத்தான் பாய்ச்சுகிறார்கள். சாரல் அடித்தால் வீட்டின் ஒரு பக்கச் சுவர் மட்டும் நனைகிறதல்லவா, அந்த மாதிரி. இடது ஓரமும் வலது ஓரமும் அச்சு அசலாக ஒன்று இல்லை. திருப்பிப் போட்டதும் இரட்டைப் பிள்ளைகள் இரட்டைப் பிள்ளைகளாக இருக்கமாட்டார்கள்.

"சிமுலேஷன்ல தெரியுதா?" என்றார்.

"தெரியாது சார்."

"ரூல் செக்ல மாட்டுதா?"

"மாட்டாது."

"பொறவு என்னத்துக்கும்மா உயிர வாங்குத?"

"சிப்பு வந்த பொறவு மாட்டும் சார். யாரோ ஒரு தாத்தா காதுல மாட்டிக்கிட்டு இரையுதுன்னு சொல்லுவாரு."

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு திரையைப் பார்த்தார்கள். "ஒட்டுதவளே ஒட்டமாட்டேங்கா. நல்ல கூத்து" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எல்லாவற்றையும் ஒட்டுகிறேன். இதை மட்டும் இப்படி ஒட்டமாட்டேன். என்ன செய்வார்?

ஜூலை 3, வியாழன்

வழி இருக்கிறது. காலையில் தோசை சுடும்போது வந்தது.

ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்ட வேண்டும். எம்-ஒன் பாதி, எம்-டூ பாதி, எம்-டூ மறு பாதி, எம்-ஒன் மறு பாதி. ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று. வரிசையாக உட்கார வைத்தால் பக்கத்தில் வருகிற ஓரங்கள் எல்லாமே ஒரே இணைப்பு, எல்லாமே ஒட்டிக்கொள்ளும். எம்-ஒன்னில் பாதிக்கு மின்னோட்டம் இந்தப் பக்கம், பாதிக்கு அந்தப் பக்கம். எம்-டூவிலும் அப்படியே. கணக்குச் சரியாகிவிடும். அகலம் கொஞ்சம் கூடும், உயரம் பாதியாகிவிடும். மேலே காலியாகிற இடத்தில் பக்கத்து மின்தேக்கியை ஏற்றிவிடலாம், அகலத்துக்கும் இடம் கிடைத்துவிடும்.

நான் கண்டுபிடித்தது இல்லை, தொழிலில் உள்ள பழைய முறைதான். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. கிளையன்ட் தன் சர்க்யூட் படத்தில் இரண்டு டிரான்சிஸ்டரையும் இரண்டு பாதியாக, எங்கள் பாஷையில் இரண்டு விரலாக, பிரித்துப் போட வேண்டும். அவர்கள் படத்தை இனி மாற்றுவதில்லை என்று பூட்டிவிட்டார்கள். சரி, கேட்டால் திறந்துவிடுகிறார்கள்.

தோசை கருகிவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

கேட்கக் கூடாதாம்.

ஒரு வாரம் பொறுமையாகச் சொன்னேன். என்னிடம் இருந்த பொறுமை முழுக்க அதில் செலவாகிவிட்டது. பவுல்பாண்டியன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "நாம கேக்குத எடத்துல இல்ல மக்கா. கேட்டா, இவனுகளுக்கு ஒட்டத் தெரியலன்னு நினைப்பான். அடுத்த வேலைய வேற எவன்ட்டயாவது கொடுத்துருவான்."

இதை எழுதி வைக்க வேண்டும். எங்கள் ஆபீஸ் சென்னையில் இருக்கிறது. கிளையன்ட்டைப் பொறுத்தவரை அப்படித்தான். அங்கே சாரின் மச்சினன் வீட்டு முகவரி. நாங்கள் எல்லோரும் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட வேண்டும், மைக்கை அணைத்துவிட வேண்டும். அவர் ஒருவர்தான் பேசுவார், பின்னால் கண்ணாடிக் கட்டடப் படம் ஒன்றை மாட்டிக்கொண்டு. கீழே நைட்டி மொத்த வியாபாரம், மேலே நாங்கள். சங்கரன்கோவில் என்று தெரிந்தால் மதிப்பு போய்விடுமாம். வேலைக்குச் சேர்ந்த அன்று இதைச் சொன்னபோது சிரித்துவிட்டு விட்டேன். பிள்ளை பக்கத்தில் இருந்தால் போதும் என்றிருந்தது, ஆபீஸ் சென்னையில் இருந்தால் என்ன, சந்திரனில் இருந்தால் என்ன. இப்போதுதான் புரிகிறது. ஊரை மறைக்கிறவருக்கு வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்கக்கூடப் பயமாகத்தான் இருக்கும்.

ஜோடியை என்னிடமிருந்து எடுத்து ஜாய்லினிடம் கொடுத்துவிட்டார். போன வருஷம் சேர்ந்த பிள்ளை, மேலநீலிதநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். திருப்பிப் போட்டு ஒட்டச் சொல்லியிருக்கிறார். ஒட்டிவிட்டாள். என் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, நான் என்ன செய்ய?" என்றாள். அவளிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது. கொஞ்சம் கோபப்பட்டேன்.

ஜூலை 19, சனி

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நானாகவே என் வழியை வரைந்துகொண்டிருக்கிறேன். கிளையன்ட் படம் ஆபீஸை விட்டு வெளியே போகக் கூடாது என்பதால் வீட்டில் வைத்து வரைய முடியாது. ஒரு கையில் டப்பா, ஒரு கையில் மவுஸ். இன்று முடிந்தது. அடங்குகிறது. மின்தேக்கி மேலே ஏறி, ஓரத்தில் இடம்கூட மிச்சம்.

ஜாய்லின் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "எல்லா ஓரமும் ஒட்டிக்கிச்சே அக்கா" என்றாள்.

சாரிடம் காட்டினேன். பார்த்தார். நல்லா இருக்கு என்றார். நல்லா இருக்கு, ஆனா படம் மாத்தச் சொல்லி நாம கேக்க முடியாதும்மா என்றார். பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால்கூட வலித்திருக்காது.

ஜூலை 28, திங்கள்

கோயிலில் இன்று கொடியேற்றம். கிளையன்ட் கடைசி மீட்டிங்குக்குத் தேதி கொடுத்துவிட்டான். ஆகஸ்ட் ஏழு.

ஆகஸ்ட் ஏழு தபசு, திருவிழாவின் பெரிய நாள். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அன்றைக்கு எங்கள் தெருவுக்குள் சைக்கிள்கூட நுழையாது. தேதியை மாற்றச் சொல்லுங்கள் சார் என்றோம். என்ன காரணம் சொல்வாராம்? சென்னையில் ஏது ஆடித்தபசு? அதனால் எல்லோரும் வர வேண்டும். ஜன்னல் எல்லாம் சாத்திவிடலாமாம். சத்தம் ஜன்னல் வழியாக மட்டுமா வருகிறது இந்த ஊரில்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

"அம்மா, தபசுக்கு நீ வரமாட்டியா?" வரமாட்டேன், அத்தையோடு போ என்றேன். அவள் அழவில்லை. பழக்கம்தான் போல.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று நடந்ததை எழுதிவிடுவோம்.

காலையிலேயே ரதவீதிக்கு இந்தப் பக்கம் கயிறு கட்டிவிட்டார்கள். ராஜா விடியும் முன்பே டியூட்டிக்குப் போய்விட்டார். கூட்டத்துக்குள் நீந்தித்தான் ஆபீஸுக்குப் போனேன். எதிரே இருக்கிற போஸ்ட்டில் குழாய் ஸ்பீக்கர், வாய் நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்து. சார் ஜன்னல் இடுக்கில் எல்லாம் துண்டுத் துணி செருகி வைத்திருந்தார், கீழே கடையில் வாங்கிய நைட்டித் துணி. பூப்போட்டது.

மத்தியானம் மீட்டிங். கிளையன்ட் பக்கம் ஆசிப் என்று ஒருவர், சர்க்யூட் வரைந்தவர், பெங்களூர்க்காரர், தமிழ் தெரியாது. நடுவில் ஸ்பீக்கர் கத்தியது, கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்த பெரியவர் எங்கிருந்தாலும் உதவி மையத்துக்கு வரவும். ஆசிப் என்ன சத்தம் என்று கேட்டார். பக்கத்தில் கல்யாண மண்டபம் என்றார் சார். சிரிக்காமல் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது.

பிறகு ஜாய்லின் ஒட்டிய ஜோடியைக் காட்டினார். ஆசிப் பார்த்துவிட்டு, கச்சிதமாக இருக்கிறது, சரி, அடுத்தது என்றார்.

சரி என்றுவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது, சிப் போய்விடும். ஜாய்லின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மைக்கைத் திறந்தேன்.

ஆங்கிலத்தில்தான் பேசினேன். மன்னிக்க வேண்டும், அந்த ஜோடி சரியில்லை, மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் போகிறது, இன்னொரு வழி வரைந்திருக்கிறேன், ஒரு நிமிஷம் காட்டலாமா என்றேன். சார் எனக்கு மட்டும் செய்தி அனுப்பினார், மைக்கை அணை என்று. அடுத்தது, அணை. அடுத்தது, செல்வி. நான் என் திரையைக் காட்டினேன். ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று. படம் வந்ததும் குரல் தெளிந்துவிட்டது. படத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு யாரிடமும் பயம் இல்லை.

ஆசிப், இதை யார் வரைந்தது என்று கேட்டார். இசக்கிசெல்வி, நான்தான் என்றேன். யோசிக்க வேண்டும், நான் நாளைக்குச் சென்னையில்தான் இருப்பேன், உங்கள் ஆபீஸுக்கு வருகிறேன், உட்கார்ந்து பார்க்கலாம் என்றார்.

சார் உடனே, நாளைக்கு ஆபீஸில் பராமரிப்பு வேலை என்றார்.

அப்படியானால் சனிக்கிழமை என்றார் ஆசிப்.

சனிக்கிழமையும் பராமரிப்புத்தான்.

இதற்குமேல் எப்படிப் பொறுப்பது? நல்லபடியாகக் கேட்கிறார் அந்த மனுஷன், படத்தைப் பார்க்க வருகிறேன் என்கிறார். நான் சொல்லிவிட்டேன். எங்களுக்குச் சென்னையில் ஆபீஸ் கிடையாது. நாங்கள் எல்லோரும் சங்கரன்கோவிலில் இருக்கிறோம், சென்னையிலிருந்து ஒரு ராத்திரி ரயில். நீங்கள் கேட்டது கல்யாணச் சத்தம் இல்லை, எங்கள் ஊர்த் திருவிழா. எங்களுக்கு இன்று விடுமுறை, ஆனாலும் வந்திருக்கிறோம்.

சார் மீட்டிங்கைத் துண்டித்துவிட்டார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நாற்காலியில் உட்கார்ந்து, "பன்னெண்டு பேரு வயித்துல அடிச்சுட்டியேம்மா" என்றார். பிறகு, "நாளையிலருந்து வரவேண்டாம்" என்றார். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வெளியே விவசாயிகள் நேர்த்திக்கடனாகத் தலைக்கு மேல் பருத்தியும் மிளகாயும் சூறை போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் அனுவைத் தேடினேன். கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கிளையன்ட் கம்பெனி தன் வேலை எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துவிட்டதாம். முகவரி விஷயம் தெளிவாகும் வரைக்கும். ஜாய்லின் போனில் சொன்னாள். "எல்லாரும் ஒங்களத்தான் ஏசுதாங்க அக்கா."

ஏசட்டும். பொய் சொன்னது நானா? இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு வேண்டுமானால் ஏசட்டும்.

ஆனால் அந்தப் பன்னிரண்டில் எல்லோருக்கும் வீடு இருக்கிறது. அது தெரியாமல் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று ராஜாவோடு சண்டை. பழைய கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், பழைய மேனேஜர் போன் செய்தார், பெங்களூருக்கு நேரில் வர வேண்டும் என்கிறார். ராஜா எல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஒரு ரெண்டு வருஷம் போயிட்டு வாயேன். அக்கா பாத்துக்கிடுவா பிள்ளைய."

"போமாட்டேன்."

"வேற என்னட்டி செய்ய? அங்கன போனாத்தான ஒனக்கு வேல?"

"என்னமும் செய்வேன். நைட்டி தைப்பேன். போமாட்டேன்னா போமாட்டேன்."

நைட்டிக்குக் காஜா எடுக்கக்கூட எனக்குத் தெரியாது. அவருக்கும் அது தெரியும். பேசாமல் எழுந்து போய்விட்டார். நல்ல மனுஷன்தான், எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொல்கிறார். அதுதான் இன்னும் ஆத்திரம். நான் சரியாகச் செய்ததற்கு எதற்கு நான் பஸ் ஏற வேண்டும்? எதற்கு என் பிள்ளை மறுபடியும் வாரத்துக்கு ஒரு தடவை அம்மாவைப் பார்க்க வேண்டும்?

அனு கதவோரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தலை பின்னும்போது கேட்டாள், "பஸ்ல போயிருவியாம்மா?" இல்லை என்றேன். என்னை நம்பவில்லை. ஷூ விஷயத்தில் ஒரு நாள் ஏமாற்றியவளை எப்படி நம்புவாள். உட்கார்ந்து அழுதேன். அவள் பார்க்கும்படியாகவே அழுதேன், மறைக்கத் தோன்றவில்லை.

பழைய மேனேஜருக்கு வரமுடியாது என்று எழுதி அனுப்பிவிட்டேன். ராஜாவைக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஒன்றும் இல்லை. ரேஷன் கடைக்குப் போனேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பவுல்பாண்டியன் சார் வீட்டுக்கு வந்தார். சர்ச்சிலிருந்து நேராக வந்திருப்பார் போல, வெள்ளைச் சட்டை. ராஜா நாற்காலி போட்டார். சார் என்னைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்த்தே பேசினார்.

"ஆசிப் படத்த மாத்திட்டான். ஒண்ணு ரெண்டு ரெண்டு ஒண்ணு. நீ சொன்ன மாதிரியே விரல் பிரிச்சுப் போட்டு அனுப்பியிருக்கான். அவங்க பெரிய ஆளுககிட்ட எல்லாம் கேட்டுட்டுத்தான் மாத்தியிருக்கான்."

காபியைக் கொண்டுவந்து வைத்தேன்.

"அடுத்த மாசம் ஆபீஸப் பாக்க ஆள் வருது. பூட்டு, கேமரா, நெட்வொர்க் எல்லாம் சரியா இருந்தா வேல தொடரும். இல்லன்னா இல்ல." காபியை ஆற்றினார், குடிக்கவில்லை. "இந்த ஜோடிய வரையணும்லா. வந்து போட்டுக் குடு."

மன்னிப்பு மாதிரி ஏதாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை. வராவிட்டால் போகட்டும், நானும் கேட்கப்போவதில்லை.

"வாரேன் சார். ஆனா மீட்டிங்ல நான் பேசுவேன். யாரு வரைஞ்சாங்களோ அவங்க பேசுவாங்க. ஜாய்லினும் பேசுவா. மைக்க யாரும் அணைக்கச் சொல்லக் கூடாது."

ராஜா என்னைப் பார்த்தார், ஏட்டி போதும்டி என்கிற பார்வை. சார், "பயந்துட்டேன்மா" என்றார். "ஊரச் சொன்னா கதவ சாத்திருவானுகளோன்னு பயம். பெங்களூர்ல நான் வேல பாக்கும்போது அப்படித்தான் சாத்துனானுக." பிறகு காபியைக் குடித்துவிட்டு, "பேசித் தொலைங்க" என்றார்.

அவருக்கும் ஒரு கதவு சாத்தப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு மைக்கைத் திறந்திருப்பேன்.

செப்டம்பர் 4, வியாழன்

ஆபீஸைப் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். எல்லாப் பூட்டையும் இழுத்துப் பார்த்தார்கள். பின்பக்கக் கதவுக்கு இரும்புக் கம்பி போடச் சொன்னார்கள், சார் உடனே ஆளுக்குச் சொல்லி அனுப்பினார். மத்தியானம் பிரியாணி. மட்டன் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, ஆபீஸ் இங்கேயே இருக்கட்டும் என்று ஒருவர் சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னார், ஆனால் சார் அதை மூன்று தரம் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். தாளில் கையெழுத்து வர இன்னும் நாளாகும். இதுவரைக்கும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆபீஸில் இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை, நானும் அவர்களோடு பேசவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

கையெழுத்து வந்துவிட்டது. முகவரி, ராஜபாளையம் சாலை, சங்கரன்கோவில். அனுவிடம், பஸ்ஸில் போகமாட்டேன் என்று சொன்னேன். தெரியும்மா, அப்பா சொல்லிட்டாரு என்றாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்று எரிச்சல்.

அடுத்த பகுதிக்கு மீட்டிங். இந்த முறை பூராவும் என் வரைவு. நொடிக்குப் பல லட்சம் தடவை திறந்து மூடுகிற சுவிட்ச் ஒன்று, அதன் பக்கத்தில் அசையாமல் நிற்க வேண்டிய டிரான்சிஸ்டர் ஒன்று. இரண்டின் ஓரமும் கிரவுண்டுக்குத்தான், மின்னோட்டம் போய் இறங்குகிற பொதுக் கம்பிக்குத்தான், போகிறது. ஒரே இணைப்பு. ஒட்டியிருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆசிப்புக்கும் பிடித்துவிட்டது, நல்ல சிக்கனம், அடுத்தது போகலாம் என்றார்.

ஜாய்லினின் மைக் திறந்தது.

ஆங்கிலத்தில்தான் பேசினாள், ஆனால் நடுவில் அக்கா என்று வந்துவிட்டது. அக்கா இந்த இடத்தில் ஒட்டியிருக்கக் கூடாது என்றாள். சுவிட்ச் ஒவ்வொரு தடவையும் கிரவுண்டில் உதைக்கும், பட்டை ஒன்றாக இருந்தால் அந்த உதை நேராகப் பக்கத்தில் இருப்பதன் மேல் விழும், பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டு கிரவுண்டையும் தனித்தனியாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்றாள்.

எல்லோர் முன்னும். ஆசிப் முன்னும். எட்டு வருஷமாக ஒட்டுகிறவளிடம், சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத பிள்ளை. காது இரண்டும் சூடாகிவிட்டது. பவுல்பாண்டியன் சார் தன் மேஜையில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். மனுஷன் சிரிப்பை அடக்கக்கூட முயற்சி செய்யவில்லை.

நான் சொன்னேன், சொன்னதை இங்கே எழுதாமல் இருக்கலாம், ஆனால் சொன்னேன்: "ஜாய்லின், இத நாம பொறவு தனியாப் பேசிக்கிடலாம்."

"இல்லக்கா. இப்பமே பேசணும்."

பேசினாள். படத்தைப் பெரிதாக்கிக் காட்டிப் பேசினாள். அவளுடைய அம்புக்குறி திரையில் அங்குமிங்கும் ஆடியது. நிறுத்தவில்லை. ஆசிப் கேட்டுவிட்டு, சரிதான், பிரித்துவிடுங்கள் என்றார்.

மத்தியானம் முழுக்க அவளோடு நான் பேசவில்லை. சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் மேஜைக்கு வந்து நின்றாள். "கோவமாக்கா?" என்றாள். ஆமாம், கோபம்தான் என்றேன். "நாளைக்கு?" என்றாள். நாளைக்கும் இருக்கும் என்றேன். சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டாள்.

அவள் சொன்னது சரி. இரண்டு தரம் சரிபார்த்தேன், எங்காவது தப்பு கண்டுபிடிக்கலாம் என்றுதான் பார்த்தேன், கிடைக்கவில்லை. திங்கட்கிழமை பிரித்துப் போட வேண்டும். அவள் கையில் இருக்கிற பகுதி அடுத்த வாரம் மீட்டிங்குக்கு வருகிறது. ஒவ்வொரு ஓரமாகப் பார்க்கப்போகிறேன்.